அப்பாயி மோதிரத்தில் இருப்பது மாணிக்கமா?

மோல்மேனிலிருந்து ஒரு தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பாயி மாணிக்கம்மாள் விட்டுப்போன மோதிரத்தில் ஒரு சிவப்புக் கல். தாத்தா ரங்கூனில் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் எல்லாரும் அதை மாணிக்கம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். சமீபத்தில் கல்லைச் சோதனைக்குக் கொடுத்ததில் 'ஸ்பைனல்' என்று சீட்டு வந்துவிட்டது. பர்மியக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு 'அஞான்' என்று உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். குடும்ப ஜோசியர், 'சூரியனுக்குப் பத்மராகம்தான் ஆகும், இதைக் கழற்றி வை' என்றாராம். தாத்தா ஏமாந்துவிட்டாரா? மாணிக்கம் என்றால் உண்மையில் எந்தக் கல்? பிறக்கப்போகும் பெண் குழந்தைக்கு அப்பாயி பெயரை வைத்தால் அடையாள அட்டையில் பர்மியப் பெயராக எதை எழுதலாம்?

தாத்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தச் சீட்டை வைத்து அவர் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது. ஒருவேளை ஸ்பைனல் விலைக்கே வாங்கியிருக்கலாம், வீட்டில் வந்து மாணிக்கம் என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. மாணிக்கம் என்ற பெயரை நம் ஆட்கள் ஒரு தாதுவுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததே இல்லை. நல்ல சிவப்பு, நல்ல நீரோட்டம், கெட்டியான கல் என்றால் மாணிக்கம். அதற்குமேல் பிரித்துப் பார்க்கும் கருவி அன்றைக்குக் கடையில் இல்லை.

தாத்தா ஏமாந்தார் என்றால் இங்கிலாந்து அரச வம்சமும் ஏமாந்திருக்கிறது. அவர்களுடைய அரசு முடியின் முன்பக்கத்தில், நெற்றிக்கு மேலே, 'கறுப்பு இளவரசரின் ரூபி' என்ற பெயரோடு ஒரு பெரிய சிவப்புக் கல் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் இளவரசர் எட்வர்டின் கைக்கு வந்தது, சுமார் 170 கேரட். அது ஸ்பைனல். அவர்களிடமே இருக்கும் 'தைமூர் ரூபி', 352.5 கேரட், மொகலாய அரசர்களின் பெயர்கள் பொறித்த கல், அதுவும் ஸ்பைனல்தான். ரூபியும் ஸ்பைனலும் வெவ்வேறு தாது என்று ஐரோப்பாவில் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் ரோமே த லீல் என்ற பிரெஞ்சுக்காரர், 1783இல். அதற்குப் பிறகும் முடியிலிருந்து கல்லையும் எடுக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. இதில் மொகலாயர்கள் கெட்டிக்காரர்கள். நடு ஆசியாவின் பதக்ஷானிலிருந்து வந்த ஸ்பைனலை 'லால்' என்றும் ரூபியை 'யாகூத்' என்றும் தனித்தனியாகச் சொன்னார்கள். லாலை ஒரு படி கீழே வைக்கவும் இல்லை. யாகூத் நம் சூலியா (தமிழ்) முஸ்லிம் வியாபாரிகளுக்கு குர்ஆன் ஓதிப் பழகிய சொல்.

இனி கல்லுக்கு வருவோம். ரூபி என்பது குருந்தம், அதாவது அலுமினிய ஆக்சைடு. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அதில் குரோமியம் கொஞ்சம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து கலந்தால் நீலம். ஆகவே நவரத்தினத்தில் சூரியனுக்கும் சனிக்கும் என்று எதிரும் புதிருமாக வைத்திருக்கும் மாணிக்கமும் நீலமும் ஒரே தாது. இந்தத் தாதுவுக்கு உலகம் முழுக்க வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர், சாணை பிடிக்க நம் ஊரில் வைத்திருந்த குருந்தக்கல்லின் பெயரிலிருந்து போனது. ஸ்பைனல் வேறு: மக்னீசியமும் அலுமினியமும் ஆக்சிஜனும். அதையும் சிவப்பாக்குவது அதே குரோமியம்தான். அதனால்தான் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன, புற ஊதா விளக்கில் பிடித்தாலும் இரண்டும் கனல்கின்றன. கெட்டித்தன்மையில் பத்துக்கு ரூபி 9, ஸ்பைனல் 8. எடையிலும் ரூபிதான் கனம். தண்ணீரைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு, ஸ்பைனல் மூன்றரைக்குச் சற்றுமேல்.

கச்சா கல்லாகக் கையில் கிடைத்தால் சின்னப் பையனும் பிரித்துவிடுவான். பர்மாவின் ரத்தினச் சுரங்க ஊரான மொகோக்கில் பள்ளம் தோண்டி எடுக்கும் கல் கலந்த சரளையை 'பியோன்' என்பார்கள். அதைக் கழுவி அரித்தால் ரூபியும் ஸ்பைனலும் ஒன்றாகத்தான் வரும். ரூபி ஆறுபட்டையாக, பீப்பாய் மாதிரியோ தட்டையாகவோ இருக்கும். பெரும்பாலும் முனை மழுங்கி, அழுக்குப் பிடித்து, பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஸ்பைனலோ இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டினதுபோல எட்டு முகத்தோடு, விளிம்பெல்லாம் கூராக, முகமெல்லாம் பளபளவென்று மண்ணிலிருந்தே வரும். மனிதன் கை வைக்கவே வேண்டாம். இப்படி முழுசாக வரும் ஸ்பைனலை மொகோக்காரர்கள் 'நத் த்வே' என்கிறார்கள். நத் என்கிற தேவதைகள் தீட்டிக் கொடுத்தது என்று அர்த்தம். அப்படியே மோதிரத்தில் பதித்துப் போடுபவர்களும் உண்டு. ஆனால் ஸ்பைனலுக்கு அவர்களே வைத்திருக்கும் பொதுப்பெயர் அஞான். தரத்தில் தாழ்ந்தது என்ற அர்த்தம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உங்கள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கியது அந்தப் பெயருக்காக. கல்லை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பட்டை தீட்டிய கல்லில் பார்ப்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. ரூபியை வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாகத் திருப்பினால் ஒரு பக்கம் ஊதா கலந்த சிவப்பு, இன்னொரு பக்கம் செம்மஞ்சள் சாயல் என்று இரண்டு நிறம் வரும். ஸ்பைனல் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். வெறுங்கண்ணுக்கு இது லேசாகத்தான் தெரியும். பழகியவர்கள் டைக்ரோஸ்கோப் என்ற சின்னக் குழாயை வைத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு பழகினாலும், விலை பேசும் இடத்தில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

ரூபிக்குப் பர்மியப் பெயர் பதம்யா. நம் பதுமராகம் இங்கே வந்து அந்த உருவம் எடுத்திருக்கிறது. நீலத்தை நீலா என்கிறார்கள், ரத்தினத்தை யதனா என்கிறார்கள், எடைக்கு யதீ என்று சொல்வது நம் ரத்திதான். வீட்டில் தமிழ் பேசிவிட்டு மொகோக் சந்தைக்குப் போகிறவனுக்குப் பாதிச் சொல் ஏற்கெனவே தெரியும். மண்டலேயின் அரசுப் பெயர் யதனாபோன், ரத்தினக் குவியல். அதற்கு முன் தலைநகராக இருந்த ஆவாவின் ஏட்டுப் பெயர் ரத்னபுரம். மொகோக்குக்கு இன்றைக்கும் 'பதம்யா பூமி' என்று பெயர்.

அந்த பூமிக்காக நடந்த இழுபறியைத் தனியாகவே எழுத வேண்டும். பர்மிய ராஜா 1597இல் ஷான் சிற்றரசரிடமிருந்து மொகோக்கை மாற்றிக்கொண்டு எடுத்தார். அதன் பிறகு குறிப்பிட்ட மதிப்புக்கு மேலான கல் எல்லாம் அரண்மனைக்கு என்று சட்டம். ங்கா மவுக் என்பவரின் பெயரால் வழங்கும் பெரிய பதம்யா ஒன்று அரண்மனையில் இருந்தது. 1885இல் பர்மாவின் கடைசி மன்னர் திபாவை ஆங்கிலேயர் கொண்டுபோனபோது அது காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்பதில் பர்மியர்களுக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை! 1889இல் லண்டனில் தொடங்கிய பர்மா ரூபி மைன்ஸ் கம்பெனி சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 1925இல் மூடும் நிலைக்குப் போய், 1931இல் கையை விட்டுவிட்டது. அந்தக் கம்பெனியைத் தள்ளாட வைத்தவற்றில் பாரிஸிலிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், உங்கள் மோதிரத்துக்கும் அது சம்பந்தப்பட்டது.

பர்மியர்களிடம் ஒரு பழமொழி உண்டு: அசல் பதம்யா சேற்றில் முங்காது. நம்மிடம் அதே நினைப்புக்குக் குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணி நிறம் போகுமா என்பார்கள். அவர்கள் ராஜா வீட்டுக் கல்லைச் சொன்ன இடத்தில் நாம் வேலியில் காய்க்கும் விதையைச் சொல்லியிருக்கிறோம். எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது. தங்கத்தையும் கல்லையும் நிறுக்க வைத்திருந்த அந்த விதைக்கே 'மணி' பட்டம் கொடுத்துவிட்டார்களே.

மணி என்றதும் தமிழில் விஷயம் சிக்கலாகிவிடும். நெல்மணி, கண்மணி, கோயில் மணி, மணி என்ன ஆச்சு, எல்லாம் அதே சொல். ரத்தினங்களுக்குள்ளேயும் அது ஒரு கல்லில் நிற்காது. கண்ணகி மதுரை அரண்மனையில் வழக்காடும்போது 'என் காற் பொற்சிலம்பு மணியுடை அரியே' என்கிறாள், பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் முத்து என்கிறான். உடைத்ததும் மன்னன் முகத்துக்கு நேரே தெறித்தது மாணிக்கம். அங்கே மணி என்றால் சிவப்பு. ஆனால் கண்ணனை மணிவண்ணன் என்றால் அது நீலமணி. சிவனை மாணிக்கவண்ணர் என்று திருமருகலில் வைத்திருக்கிறார்கள், அது செம்மேனி. மணிக்கு நிறம் தெரிய வேண்டுமானால் எந்தச் சாமி என்று கேட்க வேண்டும்.

மாணிக்கம் அந்த அளவுக்கு அலைபாயாது, சிவப்பிலேயே நிற்கும். ஆனால் சிவப்புக்குள் அதற்கு உட்பிரிவுகள் உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று நாலு சாதி வருகிறது. உரைகாரர் அவற்றைச் சாதரங்கம், சௌகந்திகம், குருவிந்தம், கோவாங்கம் என்று விளக்குகிறார். நாலும் மாணிக்கத்தின் வகைகள். கவனித்தால் இவை சாயலை வைத்துப் பிரித்தவை: தாமரைச் சிவப்பு, நீலம் ஓடிய சிவப்பு, மங்கலான சிவப்பு என்கிற மாதிரி. இதில் எது இன்றைய குருந்தம், எது ஸ்பைனல், எது கார்னெட் என்ற வேறொரு கல் என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்திவிட்டதாகச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன். அன்றைக்கு வணிகன் பிரித்த விதம் வேறு, இன்றைய சோதனைக்கூடம் பிரிக்கும் விதம் வேறு.

உங்கள் ஜோசியருக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. பத்மராகம் என்ற பெயரை அவர் ஒரே கல்லுக்கு உரியதாக நினைக்கிறார். அந்தப் பெயரையே கொழும்பில் போய்ச் சொன்னால், தாமரை இதழும் அந்தி வெயிலும் கலந்த மாதிரி ஒரு இளஞ்சிவப்பு ஆரஞ்சுக் கல்லை எடுத்து வைப்பார்கள். உலகச் சந்தையில் அதற்குப் பெயர் பத்பராட்ஷா, பத்மராகத்தின் சிதைவு. அது நீலக்கல் குடும்பம். மொகோக்கில் சொன்னால் ரத்தச் சிவப்பு. ஒரே பெயர், இரண்டு கல், விலையும் வேறு வேறு. சூரியனுக்கு ரூபி போட முடியாதவர்கள் சிவப்பு ஸ்பைனலோ கார்னெட்டோ போடலாம் என்று உபரத்தினமாக ஒத்துக்கொள்ளும் ஜோசியர்களும் நிறைய இருக்கிறார்கள். அவரவர் நம்பிக்கை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அப்பாயி ஆயுள் முழுக்கப் போட்டிருந்த மோதிரத்தை ஆகாது என்று சொல்லும் முன் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆட்களுக்கு இந்தப் பெயர் போன கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சுவையானது. மாணிக்கம், மாணிக்கவேல், மாணிக்கவல்லி, மாணிக்கம்மாள், ரத்தினம், நாகரத்தினம் என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஓடியிருக்கிறது. திருவாசகம் பாடியவருக்கு வாசகமே மாணிக்கம். திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்துப் பிள்ளையார் மாணிக்க விநாயகர். பழைய கோயில் கல்வெட்டுகளில் தேவரடியார் பெயரோடு மாணிக்கம் என்பது பட்டமாக வரும். அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு இருந்த மதிப்பை அது காட்டும். அபிராமி அந்தாதி முதல் பாட்டிலேயே 'உணர்வுடையோர் மதிக்கின்ற மாணிக்கம்' என்று அம்பாளையே சொல்லிவிட்டார் பட்டர். பக்கத்திலேயே மாதுளம்பூ. தாய்லாந்துக்காரர்கள் ரூபிக்கும் மாதுளைக்கும் 'தப்திம்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். நாமோ சிவந்த மாதுளை விதையை மாதுளை முத்து என்கிறோம். முத்துக்கு வெள்ளை என்று சொன்னது யார்?

பாம்பு கக்கும் நாகமாணிக்கத்தைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். பாம்பின் தலையில் கல் எதுவும் விளைவதில்லை. அந்தப் பெயரில் விற்க வருபவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள்.

இலங்கைத் தமிழில் மாணிக்கக்கல் என்றால் எல்லா ரத்தினமும் அடங்கும். அங்கே 'மாணிக்கக்கல் அகழ்வு' என்ற செய்தியைப் படித்துவிட்டு ரூபிச் சுரங்கம் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வதுண்டு. தோண்டுவது பெரும்பாலும் நீலமும் மற்றதும். கதிர்காமத்து ஆறு மாணிக்க கங்கை. மலாய் மொழிக்கு இந்தச் சொல் தமிழிலிருந்து 'மணிக்கம்' என்று போய், அங்கேயும் ரத்தினம் என்ற பொதுப்பொருளையே எடுத்துக்கொண்டது. மணிக்கத்தின் அருமை ஜவுகாரிக்குத்தான் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு பழமொழி. ஜவுகாரி என்றால் ரத்தின வியாபாரி. கடல் தாண்டிய இடத்திலெல்லாம் இந்தப் பெயர் விரிந்திருக்கிறது. பர்மாவில் மட்டும்தான் பதம்யா என்ற பெயர் கறாராக ஒரு கல்லில் நின்றது, ஏனென்றால் அந்தக் கல் இங்கேதான் விளைகிறது.

கடைப் பேச்சுக்கு வருகிறேன், பணம் போவது இங்கேதான். ரங்கூனில் மொகல் தெருவாக இருந்த இன்றைய ஷ்வே போன் தா தெருவிலோ, ஸ்காட் மார்க்கெட் என்று நாம் இன்னும் சொல்லும் போஜோ மார்க்கெட்டிலோ ஒரு தமிழர் கடையில் நுழைந்தால் நாலு பெயர் காதில் விழும்: மாணிக்கம், ரூபி, சிவப்புக்கல், கெம்பு. இவை ஒன்றுக்கொன்று மாற்றுப் பெயர்கள் என்று நினைத்தால் கை சுடும். சிவப்புக்கல் என்பது நிறத்தை மட்டும் சொல்கிறது, கண்ணாடியும் சிவப்புக்கல்தான். கெம்பு கன்னடத்தில் சிவப்பு. பரதநாட்டிய நகைகளிலும் கோயில் நகை என்று விற்பதிலும் பதிக்கும் கெம்புக்கல் இப்போது அநேகமாகக் கண்ணாடி அல்லது செயற்கைக் கல். அந்த நகைக்கு அது அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் பில்லில் 'கெம்பு' என்று எழுதி ரூபி விலை வாங்கினால் பின்னால் எந்த வழக்கும் நிற்காது. மாணிக்கம் என்று எழுதினாலும் அதே கதை. 'இயற்கைக் குருந்தம், ரூபி' என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கல்லை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பாரிஸ் கண்டுபிடிப்பு என்றேனே, அது இதுதான். வெர்னுய் என்பவர் அலுமினிய ஆக்சைடுப் பொடியை எரியும் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வளர்த்து ரூபி செய்யும் முறையை 1902இல் வெளியிட்டார். அடுத்த சில வருஷத்தில் அது கிலோக் கணக்கில் வந்தது. தாதுவில் அசல் ரூபிதான், மண்ணில் விளையவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். லென்ஸில் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழ்களும் தெரியும். மண்ணில் விளைந்த கல்லில் கோடு நேராகத்தான் ஓடும். எனவே 'தாத்தா காலத்து மோதிரம், அப்போதெல்லாம் டூப்ளிகேட் ஏது' என்ற வாதம் செல்லாது. தாத்தா காலத்தில்தான் அது புதுசாக வந்து எல்லாரையும் குழப்பியது. உங்கள் சீட்டில் ஸ்பைனல் என்று மட்டும் இருக்கிறதா, 'இயற்கை' என்ற சொல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திரும்பக் கொண்டுபோய்க் கேளுங்கள். ஸ்பைனலையும் அதே முறையில் செய்கிறார்கள்.

இயற்கை என்று இருந்தால் நீங்கள் வருத்தப்பட ஒன்றுமே இல்லை. மொகோக் ரூபிக்கு உலக விலை உண்டுதான், 25.59 கேரட் கல் ஒன்று 2015இல் ஜெனீவா ஏலத்தில் மூன்று கோடி டாலருக்குப் போனது. புறா ரத்தம், பர்மியத்தில் கோ த்வே, என்று சொல்கிற அந்த நிறத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. மொகோக் கல் பளிங்குப் பாறையில் விளைவதால் இரும்புச் சத்து குறைவு. இரும்பு இருந்தால் கனலை அமுக்கிவிடும். அது இல்லாததால் வெயிலில் கல் தானே உள்ளிருந்து கனல்கிறது. அந்த ரகம் ஆயிரத்தில் ஒன்று. கடையில் ரூபி என்று வருவதில் பெரும்பகுதி சூடேற்றியது. ஷான் நாட்டில் மோங்ஷு என்ற இடத்தில் 1990களின் தொடக்கத்தில் கிடைத்த கற்களுக்கு நடுவில் நீலம் இருக்கும், சூட்டில்தான் அதைப் போக்குகிறார்கள். சூடேற்றுவதைக்கூட வெளிப்படையாகச் சொல்லி விற்றால் ஒத்துக்கொள்ளலாம். விரிசலில் ஈயக் கண்ணாடியை நிரப்பி விற்கும் கல் ஒன்று 2004 வாக்கில் வந்தது, எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரித்துவிடும். அதைக் கையால் தொடாதீர்கள். இவற்றோடு ஒப்பிட்டால் சூடேற்றாத, சுத்தமான சிவப்பு ஸ்பைனல் எவ்வளவோ மேல். மொகோக்கிலும் கச்சினில் நம்யாவிலும் கிடைக்கும் நல்ல சிவப்பு ஸ்பைனலைத் தேடி வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். சாதாரண ரூபியைவிடக் கேரட்டுக்கு அதிகம் கொடுக்கும் நிலை வந்துவிட்டது. அஞான் என்று உதட்டைப் பிதுக்கியவர் விலைக்குக் கேட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு.

கல்லைத் தவிர இந்தப் பெயர் போன இடங்களையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பழைய கைக்கடிகாரத்தின் முகத்தில் '17 ஜூவல்ஸ்' என்று போட்டிருப்பது உள்ளே அச்சுகள் சுழலும் இடத்தில் பதித்த செயற்கை ரூபிகளை. 1960 மே மாதம் மைமன் முதல் லேசரை இயக்கியது ஒரு செயற்கை ரூபித் தண்டை வைத்துத்தான். ஜப்பானியரான மாட்ஸுமோட்டோ தான் எழுதிய கணினி மொழிக்கு ரூபி என்று பெயர் வைத்தார், ஏனென்றால் அப்போது புழங்கிய இன்னொரு மொழியின் பெயர் முத்து என்று ஒலிக்கும் பெர்ல். அதில் எழுதும் பொதிகளுக்கு 'ஜெம்' என்றே பெயர். இங்கிலாந்து அச்சகங்களில் ஐந்தரைப் புள்ளி எழுத்துக்கு ரூபி என்று ஒரு பெயர் இருந்தது. ஜப்பானிய எழுத்தின் தலைமேல் உச்சரிப்பைக் காட்டப் போடும் பொடி எழுத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. விழாக்களில் ஆங்கில வழக்கத்தில் ரூபி நாற்பதாம் ஆண்டுக்கு. நம் வழக்கத்தில் எழுபத்தைந்துக்குப் பவள விழா, அறுபதுக்கு வைர விழா, ஆங்கில வழக்கத்தில் பவளம் முப்பத்தைந்துக்கே வந்துவிடுகிறது.

கடைசியாகக் குழந்தையின் பெயர். அப்பாயி பெயரைத் தமிழில் வைப்பதில் பிரச்சினை இல்லை; நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்கள் என்றால் மகத்துக்கு 'மா' ஒத்துவரும். அட்டையில் பர்மியப் பெயர் வேண்டும் என்கிறீர்கள். பர்மியர்கள் நட்சத்திரம் பார்ப்பதில்லை, பிறந்த கிழமைக்கு எழுத்துப் பார்ப்பார்கள். நேர் பெயர் பதம்யா, பெண்ணுக்கு வைக்கும் பெயர்தான், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அது 'ப' வரிசை, வியாழக்கிழமைக்கு உரியது. பச்சைக்கு மியா, முத்துக்கு பலே, இரண்டும் அதே வியாழன். வைரம் செய்ன், செவ்வாய். பவளம் தந்தா, வெள்ளி. புதன்கிழமை மதியத்துக்கு மேல் பிறந்தால் யதனா. சனிக்கிழமை என்றால் நீலா. பெயராகப் புழங்கும் கற்களில் கிரகமும் எழுத்தும் ஒரே கிழமையில் விழுவது அதற்குத்தான். ஞாயிறு மாணிக்கத்துக்குரிய கிழமை. ஆனால் ஞாயிற்று எழுத்து 'அ', அதில் தொடங்குவது அஞான். அதை யாரும் பெயராக வைக்க மாட்டார்கள். ஞாயிறு பிறந்தால் முன்னால் 'ஏ' என்று ஒன்றைச் சேர்த்து ஏ பதம்யா என்று எழுதிவிடலாம், திங்கள் என்றால் கின் பதம்யா. இங்கே பலரும் இப்படி முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சரிக்கட்டுவதுதான் வழக்கம். கிழமை தெரிந்ததும் எழுதுங்கள்.